நஞ்சுக்குக் காவல் யார்?

ஒரு பொருளை நல்லதென்றும் தீயதென்றும் பிரித்துவிடுவதில் மனிதனுக்கு எக்காலத்தும் அவசரம் உண்டு. பால் நல்லது, பாம்பு தீயது. வெளிச்சம் நல்லது, இருட்டு தீயது. இவ்வாறு பிரித்து வைத்துவிட்டால் அப்புறம் சிந்திக்கும் தொல்லை இல்லை. சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகளைப் பற்றியும் நம்மவரிடையே இத்தகைய தீர்ப்பு ஒன்று ஏற்பட்டுவிட்டது. புகை இல்லை, கரி இல்லை, இரைச்சல் இல்லை. ஆகவே அது தூயது என்பது அத்தீர்ப்பு. இதில் பெரும்பகுதி உண்மையே. ஆயினும், கூரைமேல் கறுப்புக் கண்ணாடியாய்க் கிடக்கும் அப்பலகையினுள் இருப்பது யாது, அது எங்கிருந்து வந்தது, அதனைச் செய்த கைகள் எவருடையவை, அதன் ஆயுள் தீர்ந்தபின் அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்போர் மிகச் சிலரே.

அப்பலகைகளில் ஒருவகை, காட்மியம் என்னும் உலோகத்தைக் கொண்டு ஆக்கப்படுவது. காட்மியமோ மனித உடலில் புகுந்தால் சிறுநீரகத்தில் தங்கிப் பத்தாண்டு இருபதாண்டு கழிந்தும் வெளியேறாது நிற்கும் கொடிய விஷம். ஆகவே நாம் கேட்கத் துணிவது இது: மனிதரைக் கெடுக்க வல்ல ஒரு நஞ்சைக் கொண்டே மனிதருக்கு நன்மை தேடுவது அறமாகுமா? ஆகுமென்றால், எந்த நிபந்தனையின்பேரில் ஆகும்?

விடை கூறுமுன் பொருளை அறிந்துகொள்வது முறை. அறியாது நீதி பேசுவோர் நம்மிடையே ஏற்கெனவே ஏராளம்.

உலகிலுள்ள சூரியப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை சிலிக்கன் என்னும் பொருளை மெல்லிய தகடுகளாக அறுத்துச் செய்யப்படுபவை. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் அவ்வழியில் முதல் வெற்றி கண்டனர். ஆனால் அதற்கு எழுபதாண்டுகட்கு முன்னரே, 1883ஆம் ஆண்டையொட்டி, சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்ற அமெரிக்கர் ஓர் உலோகத் தகட்டின்மேல் செலினியத்தை மெல்லப் பரப்பி, அதன்மேல் ஒளி ஊடுருவத்தக்க அளவு மெலிந்த தங்கப் படலத்தைப் போர்த்தி, வெயிலில் வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கே மின்சாரமாயிற்று. உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. எனினும் அறுப்பதற்குப் பதிலாகப் படியச் செய்வது என்ற அவருடைய வழி மறைந்துபோகவில்லை. அதுவே இன்று மென்படல வழி என வழங்குகிறது.

இவ்வழிக்கு ஏற்ற பொருள்கள் சிலவே. சிலிக்கன், ஒளியை விழுங்குவதில் சற்றே மந்தமானது. ஆதலால் அதன் தகடு ஏறத்தாழ 150 மைக்ரான் கனமிருத்தல் வேண்டும். காட்மியமும் டெல்லூரியமும் கூடிய காட்மியம் டெல்லுரைடு என்ற குறைகடத்தியோ, தன்மேல் விழும் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள்ளேயே விழுங்கிவிடும். ஆகவே அதனை மூன்று மைக்ரான் அளவுக்குப் படியவைத்தால் போதும். நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் இருபதில் ஒரு பங்கு என்று சொன்னால் அதன் மென்மை விளங்கும். இவ்வளவு மெல்லிய படலம் சோதனைச்சாலையில் நூற்றுக்கு 22 பங்குக்கும் மேலாக ஒளியை மின்சாரமாக்கிக் காட்டியிருக்கிறது.

இப்படலம் உண்டாகும் விதத்தைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். விஞ்ஞானிகள் இதனைப் பூசுதல் என்று சொல்வது குறைவு; வளர்த்தல் என்றே பெரும்பாலும் சொல்லுகின்றனர். அச்சொல் பொருத்தமானதே. ஒளி ஊடுருவும் மின்கடத்திப் படலம் ஒன்றை முன்னதாக ஏற்ற கண்ணாடி, காற்று நீக்கிய அறையினுள் ஐந்நூறு அறுநூறு பாகை வெப்பத்தில் உருளைகளின்மேல் நகர்ந்து செல்லும். அருகே காட்மியம் டெல்லுரைடுத் தூள் இன்னும் மிகுந்த வெப்பத்தால் உருகாமலே ஆவியாகும். ஆவியானபோது இரு பொருள்களும் பிரிந்துவிடுகின்றன. காட்மிய அணுக்கள் தனியே, டெல்லூரிய அணுக்கள் இரண்டிரண்டாய்த் தனியே. கண்ணாடியைத் தொட்டவுடன் மீண்டும் கூடுகின்றன. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள் தோன்றும். அவை தீவுகளாய்ப் பெருகும். தீவுகள் ஒன்றையொன்று முட்டி நிலமாகும். சில நிமிடங்களுக்குள் பலகை முழுவதும் விளைந்துவிடுகிறது.

இதில் நம்மை வியக்கச் செய்வது ஒன்று உண்டு. இரண்டு பொருள்களும் சரிக்குச் சரியாய்ச் சேர்ந்தாலன்றிப் படலம் பயன்படாது. ஆனால் அந்த அளவை மனிதன் துலாக்கோல் பிடித்து நிறுக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில், துணையின்றித் தனித்து நிற்கும் காட்மியமோ டெல்லூரியமோ கண்ணாடிமேல் தங்கமாட்டாமல் மறுபடியும் ஆவியாய்ப் போய்விடும். ஒன்றையொன்று பற்றிக்கொண்டவையே நிலைக்கும். கணக்கு தானாகவே நேராகிவிடுகிறது. இயற்கை இவ்வளவு தயவு காட்டும் பொருள்கள் அதிகமில்லை. பல பொருள்களைக் கொண்டு வளர்க்கும் வேறு படலங்களில் இந்த விகிதத்தைக் காப்பதே பெரும்பாடு.

ஆயினும் இப்படி விளைந்த படலம் உடனே நன்றாக வேலை செய்வதில்லை. அதன்மேல் காட்மியம் குளோரைடு என்ற உப்பை இட்டு, நானூறு பாகையளவில் சிறிது நேரம் சுட வேண்டும். சுட்டபின் அதன் திறன் பன்மடங்கு உயருகிறது. ஏன்? நெடுங்காலம் எவர்க்கும் சரியாகத் தெரியாது. செய்து பார்த்தார்கள், பலித்தது, தொடர்ந்து செய்தார்கள். படலம் ஒரே பளிங்காய் இராமல் நுண்ணிய மணிகள் நெருங்கிய கூட்டமாய் இருப்பதால், மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள விளிம்புகளில் மின்சாரம் சிக்கி வீணாகும். குளோரின் அந்த விளிம்புகளில் குடியேறி அச்சேதத்தைத் தடுக்கிறது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

இவ்விடத்தில்தான் அறத்தின் கேள்வி முதன்முதலாகத் தலைநீட்டுகிறது. காட்மியம் டெல்லுரைடு நீரில் எளிதில் கரையாது. காட்மியம் குளோரைடோ நன்கு கரையும். ஆதலால் அதனைக் கையாளுவோர்க்கு அபாயம் அதிகம். பல ஆண்டுகளாக இந்த உப்பின்றி நல்ல படலம் இல்லை என்பதே அத்துறையில் நிலவிய எண்ணம். 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜான் மேஜர் என்பாரும் அவருடைய தோழர்களும், அதற்குப் பதிலாக மெக்னீசியம் குளோரைடை இட்டும் அதற்கிணையான பலனைப் பெறலாம் என்று காட்டினார்கள். இந்த மெக்னீசியம் குளோரைடு எது? சோயாப் பாலைத் திரளச் செய்து தோஃபு ஆக்குவதற்குச் சேர்க்கும் உப்பு! மனிதர் நாள்தோறும் தின்னும் பண்டத்திலுள்ளது. சோதனைச்சாலையில் பலித்தது தொழிற்சாலையில் உடனே நடைமுறையாகிவிடாது என்பதை நாம் அறிவோம். அதற்குப் பணமும் காலமும் வேண்டும். இருந்தபோதிலும், ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லின் உண்மையான எடை என்ன என்பதை இந்தச் செய்தி காட்டிவிடுகிறது. வேறு வழியைத் தேடிப் பார்த்தவர் அவ்வாறு சொல்வது வேறு. தேட வேண்டிய அவசியமே தோன்றாதவர் சொல்வது வேறு. விஷத்தைத் தொடாமல் மேசையண்டை அமர்ந்திருப்பவர்க்கு அந்த அவசியம் மெல்லத்தான் தோன்றும் போலும்.

இனி, இப்பொருள்கள் வந்த வழியைப் பார்ப்போம். காட்மியத்தை 1817ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ஸ்ட்ரோமையர் என்பார். அவர் அதனைச் சுரங்கத்தில் தேடவில்லை. மருந்துக் கடைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தபோது, மருந்தாக விற்கப்பட்ட துத்தநாக உப்பில் கலந்து கிடக்கக் கண்டார். நஞ்சு மருந்துப் புட்டியிலிருந்தே உலகுக்கு அறிமுகமாயிற்று! டெல்லூரியம் அதற்கு முன்னரே, 1782ஆம் ஆண்டில், டிரான்சில்வேனியாவின் தங்கக் கனிப்பொருளில் காணப்பட்டது. இன்றைக்குக் காட்மியத்திற்கென்று சுரங்கம் தோண்டுவார் இல்லை. துத்தநாகம் சுத்தி செய்யும்போது அது தானாகவே பிரிந்து வருகிறது. செம்பைச் சுத்தி செய்யும் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்து டெல்லூரியம் எடுக்கப்படுகிறது. நம் தோட்டத்து லயங்களின் கூரைத் தகரத்துக்குத் துத்தநாகம் வேண்டும். அந்த லயங்களில் விளக்கெரியச் செம்புக் கம்பி வேண்டும். இவ்விரண்டையும் உலகம் விரும்பும்வரை அவற்றின் கசடாகிய இவ்விரண்டும் வந்துகொண்டேதான் இருக்கும். சூரியப் பலகை செய்தாலும் செய்யாவிட்டாலும் காட்மியம் பூமிக்குமேல் வந்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

இதனை ஆதாரமாகக் கொண்டே இத்தொழிலை ஆதரிப்போர் வாதாடுகின்றனர். அவர்கள் வாதத்தை நாம் குறைக்காமல் எடுத்துரைப்பதே நியாயம். எப்படியும் வெளிவந்துவிட்ட விஷத்தைச் சும்மா குவித்து வைப்பதைவிட, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பூட்டி வைத்து அதனிடம் வேலையும் வாங்குவது மேலல்லவா என்பது அவர்கள் கேள்வி. மேலும், தனிக் காட்மியம் வேறு, காட்மியம் டெல்லுரைடு வேறு. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். குளோரின் 1915ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மனிதரைக் கொன்ற புகை. இரண்டும் கூடினால் நாம் சோற்றிலிடும் உப்பு. அதுபோலவே இங்கும் இரண்டு பொருள்கள் இறுகப் பிணைந்து நிற்கின்றன. ஆயிரம் பாகைக்குமேல் சூடேறினாலன்றி உருகுவதில்லை. அளவும் சிறிது. மூன்று மைக்ரான் கனமுள்ள படலம் ஒரு சதுர மீட்டர் பலகையில் சுமார் 18 கிராம். அதில் காட்மியம் 8 கிராமளவே. வீடு தீப்பற்றினால்? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தார் பலகைத் துண்டுகளைக் கொளுத்தும் உலையிலிட்டுப் பார்த்ததில், கண்ணாடி உருகிப் படலத்தைத் தன்னுள்ளேயே சிறைசெய்துகொண்டது. வெளியேறிய காட்மியம் மிக மிக அற்பம். இதற்கெதிராக, நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தால் அதன் சாம்பலிலும் புகையிலும் காட்மியமும் பாதரசமும் எவ்விதப் பூட்டுமின்றி வெளியே வருகின்றன.

இவ்வாதம் வலிமையுள்ளது. காட்மியம் என்ற பெயரைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொண்டு, இத்தொழிலே வேண்டாம் என்பாரோடு நாம் சேரமாட்டோம். அப்படிச் சொல்லிவிட்டு நிலக்கரி மின்சாரத்தில் விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிறர் வீட்டில் குப்பையைக் கொட்டிவிட்டுத் தன் வாசலைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால் அவ்வாதத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: ‘பூட்டி வைத்தல்’. பூட்டு என்றால் சாவி ஒன்று உண்டு. சாவி என்றால் அதை வைத்திருப்பவன் ஒருவன் உண்டு. கண்ணாடி முழுசாய் இருக்கும்வரை மேலே சொன்னவையெல்லாம் சரி. அதே பலகையை நொறுக்கிக் குப்பைமேட்டில் புளித்த நீர் ஊறும் இடத்தில் நெடுநாள் போட்டுவைத்தால் காட்மியம் கசிந்து வெளிவரும் என்பதும் சோதனையிற் கண்டதே. ஆகவே நன்மையும் தீமையும் பொருளில் மட்டும் இல்லை. உப்பு உப்பாகவே நிற்கும், அதற்குக் காவல் வேண்டாம். இதற்கோ காவல் வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் ஆதரிப்போரின் வாதம் முழுவதும் இடிந்து விழுகிறது.

விஷத்தோடு பழகுவது நம் தோட்டத் தமிழர்க்கு ஏட்டுச் செய்தியன்று. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் களைகளைக் கொல்ல முதுகில் பம்பைச் சுமந்து சென்றவர்களில் பெண்களே மிகுதி. பாராகுவாட் என்ற கொடிய திரவத்தை நாள் முழுதும் தெளித்தனர். அதற்கு நம்மவர் இட்ட பெயரைக் கேளுங்கள்: ‘மருந்து’. மருந்தடிக்கப் போனேன் என்றுதான் சொன்னார்கள். நகம் கெட்டவர் உண்டு, கண் எரிந்தவர் உண்டு, மூக்கில் இரத்தம் கண்டவர் உண்டு. மலேசிய அரசாங்கம் 2002ஆம் ஆண்டில் அதனைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006ஆம் ஆண்டில் தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்றுதான் வந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, முறைப்படி கையுறையும் முகமூடியும் அணிந்து தெளித்தால் ஆபத்தில்லை என்பது. முறைப்படி என்ற சொல் எவ்வளவு சுகமானது! கொளுத்தும் வெயிலில், மேட்டிலும் பள்ளத்திலும் பம்போடு ஏறி இறங்கும் ஒரு தாய்க்கு அந்த முகமூடியை அணிந்து மூச்சுவிட முடியுமா என்று அந்நியாயத்தை எழுதியவர் அணிந்து பார்த்தாரா?

இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த கெடா மாநிலத்துக் கூலிம் நகரில்தான், ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனம் காட்மியம் டெல்லுரைடுப் பலகைகள் செய்யும் பெரிய தொழிற்சாலையை அமைத்து 2008ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிற்று. சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் அதே நிறுவனத்தின் ஆலை ஒன்று 2024ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. கூலிம் ஆலையின் உள்ளே நிலைமை தோட்டத்து நிலைமையைப் போன்றது என்று நாம் சொல்லவில்லை; சொல்ல நியாயமும் இல்லை. இயந்திரங்களே பெரும்பாலும் படலத்தைக் கையாளுகின்றன, காற்று வடிகட்டப்படுகிறது. காட்மியம் புழங்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரின் இரத்தத்தையும் சிறுநீரையும் காலமுறையிற் சோதித்து அதன் அளவைக் கணக்கிடுவது இத்தொழிலில் நெடுநாளாக உள்ள முறை. நல்ல முறை. எனினும் தோட்டத்தில் நம்மவர் பட்டதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இங்கு வருகிறோம். சோதனையில் கிடைத்த அந்த எண் யாருடையது? மருத்துவர் ஏட்டில் எழுதி மூடிவிடுவதற்கு உரியதா, அல்லது அந்தத் தொழிலாளிக்கு, அவனுடைய தாய்மொழியில், போன ஆண்டைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லப்பட வேண்டியதா? அவன் சிறுநீரகத்தில் இருபதாண்டு தங்கப்போகும் பொருளைப் பற்றிய கணக்கு அவனுக்கன்றி வேறெவர்க்கு முதலில் உரியது? எங்கெங்கு இத்தகைய பொருள் புழங்குகிறதோ அங்கெல்லாம் தொழிற்சங்கத்தார் சம்பளத்தோடு கூட இந்த எண்ணையும் கேட்டுப் பெறுவது அவசியம் என்பது நம் கருத்து. சம்பளம் குறைந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்கலாம். இது அப்படிப்பட்டதன்று.

இன்னொன்றும் உண்டு. கூலிமில் விளைந்த பலகைகள் பெரும்பாலும் அயல்நாடுகளுக்கே கப்பலேறுகின்றன. வெளிச்சம் அங்கே, உலை இங்கே. இதிலேயே அநியாயம் இருக்கிறதென்று கூச்சலிட மாட்டோம். வேலையும் ஊதியமும் இங்கே கிடைக்கின்றன, ரப்பரும் இவ்வாறே கப்பலேறிற்று. ஆனால் பயனடைவோன் ஓரிடத்திலும் அபாயத்தருகே நிற்பவன் வேறிடத்திலும் இருக்கும்போது, பயனடைவோனின் மனச்சாட்சியை நம்பிக்கொண்டு இருப்பது போதாது. அவன் கெட்டவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு இது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, காலத்தின் கேள்வி. ஒரு சூரியப் பலகையின் ஆயுள் இருபத்தைந்து முப்பது ஆண்டு. இன்று அதனை மாட்டுகிறவன் அதனைக் கழற்றும் நாளில் உயிரோடிருப்பானோ என்னவோ. விற்ற கம்பெனி இருக்குமோ என்னவோ. கடன் கொடுத்தவன் பத்திரம் எழுதி வாங்குகிறான். பிறவாத பிள்ளையின் பேரில் நாம் வைத்துச் செல்லும் இந்தச் சுமைக்குப் பத்திரம் எங்கே?

இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. மேற்சொன்ன நிறுவனமே, பலகையை விற்கும் வேளையிலேயே, பிற்காலத்தில் அதைத் திரும்ப எடுத்துப் பிரித்தெடுப்பதற்கான செலவைக் கணக்கிட்டு, அத்தொகையைத் தனி நிதியாக ஒதுக்கி வைத்துவந்தது. கம்பெனி கெட்டாலும் அந்தப் பணம் கெடாதிருக்கும்படியான ஏற்பாடு. இதைப்போல் நேர்மையான வியாபாரத்தை நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சூரியப் பலகைகளின் விலை வீழ்ந்து போட்டி கடுமையானபின், 2013ஆம் ஆண்டையொட்டி, புதிய விற்பனைகளுக்கு அந்த முறை விடப்பட்டது. முன்னர் விற்றவற்றுக்கு வாக்குறுதி நிற்கிறது. பின்னர் வாங்கியோர் பிரித்தெடுக்க வேண்டிய காலத்தில் தாமே அதற்குக் கட்டணம் கொடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தெடுக்கும் ஆலைகள் இன்றும் உண்டு. அரைத்து, அமிலத்தில் கரைத்து, குறைகடத்திப் பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாக மீட்டுவிடுவதாக அந்நிறுவனம் கூறுகிறது. அறிவும் இயந்திரமும் இருக்கின்றன. முன்பணம் ஒதுக்கிய அந்தப் பெட்டிதான் இல்லை.

வியாபாரிகளைக் கேட்டால், போட்டியாளர் எவரும் செய்யாததை நாங்கள் மட்டும் செய்து தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதா என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. நல்லவன் ஒருவன் மட்டும் சுமக்கும் பாரம் நெடுந்தூரம் போகாது. அதற்குத்தான் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் திருத்திய விதியில் சூரியப் பலகைகளையும் சேர்த்து, விற்றவனே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி என்று எல்லார்க்கும் பொதுவாக விதித்தது. கடமையைப் பொதுவாக்கிவிட்டால் அதனைச் செய்கிறவன் ஏமாளியாவதில்லை. சூரியப் பலகைகள் தம் கூரைகளில் நாளுக்கு நாள் பெருகிவரும் இந்நாட்டிலும் பொதுமக்கள் இதனைக் கேட்டே ஆகவேண்டும். காட்மியத்துக்கு மட்டுமன்று, 2009ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதற் காட்டப்பட்ட பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய படலத்தில் ஈயம் இருக்கிறது, அது நீரில் இன்னும் எளிதில் பிரிந்துபோகும். மலிவும் திறமையும் மிக்க பொருள் என்று அதனைப் புகழ்வோர் கூட்டம் பெரிது. வரட்டும், பெட்டியையும் கூடவே கொண்டுவரட்டும்.

சட்டம் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஜப்பானின் கதை சாட்சி. டோயாமா மாநிலத்தில் ஜின்ஸூ என்றோர் ஆறு. அதன் மேற்புறத்தில் கமியோகா என்ற இடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் பெருஞ்சுரங்கம். சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, வாய்க்கால் வழியே வயலில் பாய்ந்து, நெல்லில் ஏறிற்று. அந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்ட பெண்கள், பெரும்பாலும் பல பிள்ளைகள் பெற்ற வயதானவர்கள், எலும்பு மெலிந்து, இருமினாலே விலா எலும்பு முறியும் நிலைக்கு வந்தனர். ‘இத்தாய், இத்தாய்’ என்று அலறினர். அவர்கள் மொழியில் அதற்கு ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பது பொருள். நோய்க்கே அதுதான் பெயராயிற்று. எத்தனையோ ஆண்டுகள் அதனை வறியவர் நோய் என்றும் ஊட்டக் குறைவு என்றும் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். ஹகினோ நொபொரு என்ற உள்ளூர் மருத்துவர் சுரங்கத்தைச் சுட்டிக்காட்டியபோது அவரை மதிப்பார் இல்லை. 1968ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் காட்மியமே மூலம் என ஒப்புக்கொண்டது. ஊரார் தொடுத்த வழக்கில் 1971ஆம் ஆண்டிலும், மேல்முறையீட்டில் 1972ஆம் ஆண்டிலும் அவர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று.

நட்டஈட்டோடு அவ்வூரார் நின்றுவிடவில்லை என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது. தீர்ப்பு வந்த கையோடு அவர்கள் நிறுவனத்தாரிடம் எழுதி வாங்கிய உடன்படிக்கையில் ஓர் உரிமை உண்டு. ஊரார் எப்போது வேண்டுமானாலும் தாம் தெரிந்தெடுத்த விஞ்ஞானிகளை உடன் அழைத்துக்கொண்டு சுரங்கத்தினுள்ளும் ஆலையினுள்ளும் புகுந்து பார்க்கலாம். தண்ணீரை மொண்டு சோதிக்கலாம். ஏடுகளைக் கேட்டு வாங்கலாம். அதற்கான செலவு முழுவதும் நிறுவனத்தாருடையது. கெட்டுப்போன வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 2012ஆம் ஆண்டுவரை நடந்தது. ஆற்றிலே காட்மியத்தின் அளவு, சுரங்கம் இல்லாத ஆறுகளின் இயற்கை அளவுக்கு இறங்கிவிட்டது. வழக்காடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆண்டுதோறும் ஒரு நாள் குறித்துக்கொண்டு, விஞ்ஞானிகளோடு அந்த வாயிலைக் கடந்து உள்ளே போய், குழாய் குழாயாக எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.